வலப்பக்க ஸ்டீரிங்

எங்கள் தெருவிலேயே அதிகக் கார் வைத்திருந்த குடும்பம் எங்களுடையதுதான். பச்சை, சிவப்பு, வெள்ளை என்று நிறத்துக்கொன்றாக நின்றன. மழைக்குக்கூட வெளியே விட்டதில்லை. எல்லாம் ரேடியோவுக்கு மேலே சுவரில் அடித்த பலகையில் வரிசையாக இருந்தன. பெரிய கார் என் முழங்கை நீளம், சின்னது ஒரு கொய்யாப்பழம் அளவு. ஒன்றிலும் ஏறி உட்கார முடியாது என்பதைத் தவிர அவற்றில் வேறு குறை இல்லை என்று மாமா சொல்வார்.

மாமா என் அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரியில் மோட்டார் மெக்கானிக் ஐ.டி.ஐ. படித்தபோது ஒரு பழைய வீட்டின் மாடியில் தங்கியிருந்தார். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் பாரீசிலேயே குடியேறிவிட்டான். எப்போதோ தன் பிள்ளைகள் ஊருக்கு வந்தால் விளையாடட்டும் என்று அந்த மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிகள், பிரிக்காமலே மர பீரோவில் கிடந்தன. பிள்ளைகள் வரவே இல்லை. பெட்டிகள் மேல் ஓரம் பழுத்து, விளிம்பு நைந்து போயின. மாமா அவருடைய ஸ்கூட்டரை ஒவ்வொரு முறை பழுது பார்த்துக் கொடுக்கும்போதும் அவர் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். இப்படியாகத்தான் கள்ளக்குறிச்சியில் இருந்து ரிஷிவந்தியம் போகிற சாலையில், பிளாஸ்டிக் கூடையில் தக்காளி தொங்கும் எங்கள் வீட்டுக்குப் பிரெஞ்சுக் கார்கள் வந்து சேர்ந்தன.

பெட்டியின் மேல் காரின் படம் இருக்கும். ஆசையாகத் திறந்தால் உள்ளே கார் இருக்காது. முதல் பெட்டியைத் திறந்தபோது நான் அழுதே விட்டேன். கறிவேப்பிலைக் கொத்தில் இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல, ஒரு பிளாஸ்டிக் காம்பில் கதவு, கண்ணாடிச் சட்டம், விளக்கு, இருக்கை என்று துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் காம்பில் ஓர் எண். அந்தத் துண்டுகளைப் பிளேடால் அறுத்து, காகிதத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து, எண் பிரகாரம் ஒட்ட வேண்டும். காகிதத்தில் எழுதியிருப்பது பிரெஞ்சு. அந்த மொழிக்கு முன்னால் மூன்றாம் வகுப்பு படித்த நானும், எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவும், ஐ.டி.ஐ. முடித்த மாமாவும் சமம்.

பெட்டியோடு வந்த கோந்து எல்லாவற்றிலும் காய்ந்து கல்லாகிப் போயிருந்தது. அதற்குப் பதிலாக மாமா சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனை வாங்கி வருவார். அதை வைப்பதில் ஒரு முறை உண்டு. தீக்குச்சி முனையால் தொட்டு மெல்லிசாகத் தடவ வேண்டும். வாயால் ஊத வேண்டும். அதன் பளபளப்பு போய் மங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். பொறுக்காமல் ஒட்டினால் வழிந்து, நூல் நூலாக இழுத்து, ஒட்டக் கூடாத இடத்தில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். மாமா ஊதிவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரை எதுவும் கேட்கக் கூடாது. எனக்கு அது கோயிலில் திரை போட்டிருக்கும் நேரம் மாதிரி இருக்கும்.

பூசுவதற்குப் பெயிண்ட், பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்ததில் மிச்சம். அதனால் எங்கள் கார்கள் எல்லாம் எங்கள் தெரு மாடுகளின் கொம்பு நிறத்தில் இருந்தன.

எனக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருந்தது. சக்கரம் மாட்டுவது. கடைசி வேலை அதுதான். அச்சுக் கம்பியை அடிச்சட்டத்தின் துளைகளில் நுழைத்து, இரண்டு முனையிலும் சக்கரத்தைச் செருக வேண்டும். சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பொட்டு சொலூஷன். கம்பிக்கும் சட்டத்துக்கும் நடுவே மட்டும் பட்டுவிடக் கூடாது, பட்டால் சக்கரம் சுற்றாது. மாமா பொட்டு வைப்பார், நான் செருகுவேன். பிறகு பூசை. புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள் இல்லையா, எங்கள் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் அது மலையேறுவது போல் ஆகிவிடும். ஆகவே சுண்டைக்காய். சமையலறை வாசலில் இருந்து நான் காரை உருட்டிவிட, அது சுண்டைக்காய்மேல் ஏறி இறங்கி, தெருக்கதவு வரை போய் நிற்கும். சுண்டைக்காய் ஒருநாளும் நசுங்கியது கிடையாது. அம்மா அதை எடுத்துக் கழுவிக் குழம்பில் போட்டுவிடுவாள்.

அம்மாவுக்கு இந்தக் கார் விவகாரத்தில் மரியாதையே இல்லை. கல்யாண வயசில் இருக்கிற ஆம்பிளை செய்கிற வேலையா இது என்பாள். குறிப்பாக அவளுக்குப் பொறுக்காதது ஸ்டீரிங். பிரான்சில் ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கும் என்று மாமா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். என் அப்பா அரிசி மில் லாரி ஓட்டுகிறவர். லாரிக்காரர் பெண்டாட்டியிடம் வந்து ஸ்டீரிங் கதை விடுகிறானே என்று அவளுக்குக் கோபம்.

"எடது கைப் பக்கம் குந்திக்கினு எவனாச்சும் வண்டி ஓட்டுவானா? பொட்டியில படம் போட்டவன் தப்பாப் போட்டுட்டான், நீயும் அப்படியே வெக்கிற" என்பாள்.

மாமா எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டுவார். உலகத்தில் ஸ்டீரிங் இடது பக்கமும் இருக்கலாம் என்பது எனக்கும் மாமாவுக்கும் தெரிந்த ரகசியம் என்று நான் பெருமையாக வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில்கூட யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருடம் மாமாவுக்கு அரசு பஸ் டிப்போவில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. நேர்காணல் முடிந்து, பெயரும் வந்துவிட்டது. போலீசில் ஆளைப் பற்றி விசாரித்து, இவன்மேல் கேஸ் ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்புவது மட்டும் பாக்கி. அம்மா அந்த வேலைக்காக அரகண்டநல்லூர் கோயில் வரைக்கும் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு, தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மிச்சம் இருந்தது இந்தத் தம்பி ஒருவர்தான். அவர் காக்கிச் சட்டை போட்டு டிப்போவுக்குள் நுழைகிறதைப் பார்த்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மறியல் வந்தது.

எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனியாக இட ஒதுக்கீடு வேண்டும் என்று வட மாவட்டம் முழுக்கச் சாலையை மறித்தார்கள். எனக்கு அதில் விளங்கியது, பள்ளிக்கூடம் கிடையாது, பஸ் கிடையாது, அப்பா கிடையாது என்பதுதான். அப்பாவின் லாரி விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் எங்கோ வரிசையில் நின்றுவிட்டது. எந்நேரமும் லாரி உறுமிக்கொண்டிருந்த எங்கள் சாலையில் ஆடுகள் படுத்துக்கிடந்தன. பையன்கள் நட்ட நடுச்சாலையில் கோலி ஆடினார்கள். மழை பெய்து வானம் வெளுத்திருந்ததால் மேற்கே கல்வராயன் மலை நன்றாகத் தெரிந்தது. புகையும் தூசியும் இல்லாததால் மலை கிட்டே வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

பெரியவர்கள் வீட்டு வாசல்களில் கூடிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். சாலையோரப் புளிய மரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளுகிறார்கள் என்றார்கள். வடக்கே துப்பாக்கிச் சூடு நடந்ததாகச் செய்தி வந்தது. சில ஊர்களில் ஏழைகளின் குடிசைகள் எரிந்தன என்றும் பேசிக்கொண்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மரம் அறுத்தவர்களைப் பிடிக்கப் போலீஸ் வீடு வீடாக வந்து வாலிபர்களின் உள்ளங்கையைப் பார்க்கிறதாம், கொப்புளம் இருந்தால் வண்டியில் ஏற்றிவிடுகிறதாம் என்பதுதான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்ன செய்தி.

சாயங்காலம் ஆனால் மாமாவின் கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். மாமா எழுந்து போவதற்குள் அம்மா போய்விடுவாள். அவனுக்குக் காய்ச்சல், அவனுக்கு வயிறு சரியில்லை என்று ஒவ்வொரு நாளும் ஒரு வியாதி சொல்லி அனுப்புவாள். மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஊரே சாலையில் நிற்கும்போது நான் மட்டும் பொம்பிளைபோல வீட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டார். வேலை கிடைத்தபிறகு நீ எங்கே வேண்டுமானாலும் நில்லு, அதுவரைக்கும் உன்மேல் ஒரு கேஸ் விழுந்தாலும் என்னை உயிரோடு பார்க்கமாட்டாய் என்று அம்மா சொன்னாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததுதான் அதிசயம். அம்மா ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் இருந்து கடைசிப் பெட்டியை எடுத்தாள். மாமா அதைத் திறக்காமலே வைத்திருந்தார். அந்தப் பட்டாளத்து ஐயா கொடுத்ததிலேயே பழையது, பெரியது. முதுகு உருண்டு, மூஞ்சி நீண்ட ஒரு கார், படத்தில் நீல நிறத்தில் பளபளவென்று நின்றது. இனிமேல் இந்த மாதிரிப் பெட்டி அந்த ஊரிலேயே கிடைக்காதாம். வேலை கிடைத்த அன்றைக்குத்தான் பிரிப்பேன் என்று மாமா சொல்லி வைத்திருந்தார்.

அம்மா அதை முந்தானையால் துடைத்து அவர் மடியில் வைத்தாள்.

"இந்தா. கையச் சும்மா வெச்சிக்கினு இருக்காத. இத செய்யி."

கார் என்றாலே மூக்கைச் சுளிக்கிறவள் அவளே எடுத்துக் கொடுக்கிறாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன்.

அன்றில் இருந்து எங்கள் வீட்டில் வண்டித் தொழிற்சாலைதான். வெளியே ஒரு வண்டி ஓடவில்லை, உள்ளே ஒரு வண்டி உருவாகிக்கொண்டிருந்தது. மாமா முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். இரண்டு துண்டு ஒட்டியதும் அவருக்கே பிடித்துக்கொண்டது. என்ஜின் மட்டுமே இருபது துண்டுக்கு மேல். மூடியைத் தூக்கினால் உள்ளே என்ஜின் தெரியும். கதவு திறந்து மூடும். சைக்கிள் கடைக்குள் இருப்பதுபோல் வீடு முழுக்கச் சொலூஷன் வாடை. எனக்கு அந்த வாடை ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும் சைக்கிள் கடையைத் தாண்டும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன். அம்மா அடுப்பு வேலை முடிந்ததும் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தாள். மாமாவின் கை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்த்தது கையையா, அவர் எழுந்து போய்விடுவாரோ என்றா, அது எனக்குத் தெரியாது.

நீலப் பெயிண்ட் அடித்து முடித்தாயிற்று. பலகைமேல் சக்கரம் இல்லாத கார் கால் மடக்கிய கன்றுக்குட்டிபோல் படுத்திருந்தது. உள்ளே ஸ்டீரிங்கும் இருக்கையும் வைக்க வேண்டும், கண்ணாடி பொருத்த வேண்டும், கடைசியாகச் சக்கரம். பெயிண்ட் காயட்டும், எல்லாம் நாளைக்கு என்று மாமா சொல்லிவிட்டார். நான் இல்லாமல் சக்கரத்தில் கை வைக்கக் கூடாது என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு படுத்தேன். சுண்டைக்காயைக்கூடப் பறித்து அரிசிப் படியில் போட்டு வைத்திருந்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கார் பலகையில் நின்றுகொண்டிருந்தது. நான்கு சக்கரத்தோடு.

எனக்கு ஏற்பட்ட ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. சத்தியம் செய்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகில் நாலு குத்து விட்டேன். அசையவே இல்லை. காரை எடுத்துக் கீழே வைத்து உருட்டினேன். உருளவில்லை. சக்கரம் நான்கும் சட்டத்தோடு சட்டமாக இறுகிப் போயிருந்தன. சொலூஷன் திட்டுத் திட்டாக வழிந்து, தூசி பிடித்து, சிலந்திக் கூடுபோல் நூல் இழுத்திருந்தது. கண்ணாடியில் விரல் ரேகை. சுண்டைக்காயின்மேல் ஏற்றிப் பார்த்தேன். கார் அதைத் தள்ளிக்கொண்டு போனதே தவிர ஏறவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால், ஸ்டீரிங் வலது பக்கம் இருந்தது.

மாமாவே இப்படிச் செய்வாரா? ஊருக்கெல்லாம் இடது பக்கம் என்று சொல்லிவிட்டு, என் ரகசியத்தையே மாற்றி வைத்துவிட்டாரே என்று அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் போய் முறையிட்டேன். அவள் என்னை இழுத்து முன்னால் உட்கார வைத்துத் தலை வாரத் தொடங்கினாள். பள்ளிக்கூடமே இல்லாத நாளில் காலங்காத்தாலே தலை எதற்கு என்றேன். சும்மா இரு என்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஏட்டும் ஒரு கான்ஸ்டபிளும் வாசலில் வந்து நின்றார்கள். ஜீப்பை அரை மைல் தள்ளி விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தார்கள். எங்கள் ஊர் எல்லையில் இருந்த பெரிய புளிய மரம், கருப்பு வெள்ளைப் பட்டை அடித்து எண் போட்டிருந்த மரம், இரவோடு இரவாகச் சாலையில் விழுந்துகிடந்ததாம். ஏட்டை எனக்கு முன்பே தெரியும். சைக்கிளில் ரோந்து வருவார், கனத்த ஆள். டயர் பஞ்சரானால் கடைக்காரரை நம்பாமல் தானே குந்தி உட்கார்ந்து ஒட்டிக்கொள்வார். சந்தையில் பார்த்திருக்கிறேன்.

மாமாவை எழுப்பினார்கள். ராத்திரி எங்கே இருந்தாய் என்று ஏட்டு கேட்டார். வீட்டில்தான் என்றார் மாமா. என்ன செய்துகொண்டிருந்தாய் என்றதற்கு மாமா பலகையைக் காட்டினார். கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். ஏட்டு சிரிக்கவில்லை.

"கையக் காட்டு."

மாமா இரண்டு கையையும் நீட்டினார். எனக்கே பார்க்க அருவருப்பாக இருந்தது. உள்ளங்கை முழுக்கச் சொலூஷன் அப்பி, அதன்மேல் நீலப் பெயிண்ட் ஈஷி, தோலே தெரியவில்லை. என்னிடம் மட்டும் கை கழுவு, கை கழுவு என்று உயிரை வாங்குகிற அம்மா, இந்த ஆளை இப்படியே படுக்க விட்டிருக்கிறாளே என்று நினைத்தேன். ஏட்டு கட்டைவிரலால் அந்தக் கையை ஓரிடத்தில் அழுத்தினார். மாமாவின் தாடை இறுகியது. இன்னோர் இடத்தில் அழுத்தினார். பிறகு கையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ சொல்லு. இத யாரு செஞ்சது?"

கேட்க ஓர் ஆள் கிடைத்தாரே என்று நான் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"மாமாதான். சக்கரம் நான்தான் மாட்டுவேன்னு சத்தியம் வாங்கியிருந்தேன். நான் தூங்கினப்புறம் எல்லாத்தையும் மாட்டிட்டாரு. ஸ்டீரிங்கக்கூட தப்பா வெச்சிட்டாரு. எடது பக்கம் வெக்கணும்னு அவருதான் சொல்லுவாரு. இப்ப அவரே சோத்துக்கைப் பக்கம் வெச்சிக்கீறாரு. சக்கரமும் சுத்தல."

சொல்லி முடிக்கும்போது முடி சுரீர் என்று இழுத்தது. கத்திவிட்டேன். அம்மா வேண்டுமென்றே இழுக்கிறாள், பெரியவர்கள் முன்னால் பேசக் கூடாது என்பதற்காக இழுக்கிறாள் என்று நினைத்து முறைத்தேன். அவள் விரலைப் பிரிக்கப் பார்த்தாள். முடி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

ஏட்டு காரைக் கையில் எடுத்தார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பக்கத்தில் இருந்த பெட்டியின் மூடியை எடுத்து அதில் இருந்த படத்தைப் பார்த்தார். காரைத் தன் உள்ளங்கையில் வைத்து முன்னும் பின்னும் தள்ளினார். சக்கரம் அசையவில்லை. மாமாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் தலையில் இருந்த அம்மாவின் கையைப் பார்த்தார், அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா படிச்சிருக்க?"

மோட்டார் மெக்கானிக் என்றார் மாமா. வேலைக்குப் போட்டிருக்கிறாயா என்று அவர் கேட்க, டிப்போவில் எடுத்திருக்கிறார்கள், ஸ்டேஷன் விசாரணைதான் பாக்கி என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னாள். ஏட்டு 'ம்' என்றார். காரை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தார். இந்த வீட்டில் ஒன்றும் இல்லை, வாய்யா என்று கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுக்கொண்டு படி இறங்கினார். இறங்கியவர் நின்றார். மாமாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"சொலூஷன் வெச்ச ஒடனே ஒட்டக் கூடாதும்மா. கொஞ்சம் காய உடணும்."

பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மாமா டிப்போவில் சேர்ந்து, முதுகு கூனும் வரை பஸ்களுக்குக் கீழே படுத்து எழுந்து, ஓய்வும் பெற்றுவிட்டார். ஒதுக்கீடும் பிறகு வந்தது. நான் கல்லூரியில் படித்தது அந்த ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தில்தான். சேர்ந்துவிட்டு வந்த அன்று மாமாதான் எனக்கு இதைச் சொன்னார். நான் தூங்கிய பிறகு கூட்டாளிகள் கொல்லைப் பக்கமாக வந்து கூப்பிட்டதும், அக்காள் அசந்த நேரம் பார்த்து இவர் சுவர் ஏறிக் குதித்துப் போனதும், ரம்பத்தின் ஒரு முனையை இவர் பிடித்ததும். விடிவதற்கு முன் உள்ளங்கை இரண்டும் கிழிந்து திரும்பி வந்தபோது, அம்மா சிம்னி விளக்கு வெளிச்சத்தில் மடியில் காரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். எங்கே போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அவர் கையைப் பிடித்து, டியூபில் மிச்சம் இருந்த சொலூஷனை எல்லாம் அதில் பிதுக்கி, பெயிண்டைத் தடவி, ஊதிவிட்டாளாம். எரிச்சலில் கத்தப் போனவரின் வாயில் முந்தானையை அடைத்தாளாம்.

மாமா வீட்டில் இருந்தார் என்று அம்மா என்னிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். நானும் சொல்லியிருப்பேன், சொல்லும்போது உளறியும் இருப்பேன். என்னைப் பெற்றவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால் பொய் எதுவும் கற்றுத் தராமல், எண்ணையும் படத்தையும் பார்த்துப் பார்த்து, வாழ்நாளில் தொட்டறியாத அந்தக் காரை விடிவதற்குள் முடித்து வைத்தாள். படத்தில் பார்த்தபடிதான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறாள். ஸ்டீரிங்கை மட்டும் அவளால் தப்பான பக்கத்தில் வைக்க முடியவில்லை. தம்பிக்காக உயிரை விடுவாள், ஆனாலும் இடது பக்கம் ஸ்டீரிங் வைக்க மாட்டாள். அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். உடனே சிரிப்பு வரும்.

அந்தக் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. பழைய பெட்டிக் கார்களைச் சேர்க்கிற ஒருவர் ஒருமுறை வந்து பார்த்தார். பெட்டியைக் கண்டதும் அவருக்குக் கண் விரிந்தது. காரைக் கண்டதும் முகம் சுருங்கியது. நல்ல பொருளை யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்றார். ஆமாம் என்றேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஏட்டின் பூட்ஸ் சத்தம் தெருக்கோடியில் மறைந்த பிறகும் அம்மாவும் மாமாவும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என் தலையில் பாதிப் பின்னல் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ அந்த ஏட்டின்மேல் கோபம். காரைக் கெடுத்த குற்றவாளியை அவ்வளவு தெளிவாகக் காட்டிக் கொடுத்தும் ஒரு அதட்டுகூடப் போடாமல் போகிறாரே.

"மாமாகிட்ட சொல்ல வேண்டியத ஒங்கிட்ட சொல்லிட்டுப் போறாரு பாரும்மா. அந்த ஏட்டுக்கு ஒண்ணுமே தெரியல" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். நீலக் கையால் முகத்தை மூடிக்கொண்டு மாமாவும் சிரித்தார். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீராக வழிந்தது. அம்மா என்னை இழுத்துக் கட்டிக்கொண்டபோது அவள் விரல் எல்லாம் சொலூஷன் வாடை. கையைக் கழுவிட்டு வந்து பின்னும்மா என்று தள்ளிவிட்டு, அந்தச் சுண்டைக்காயைத் தேடப் போனேன். நான் சொன்னதில் அப்படி என்ன சிரிப்பு என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.